அக்கட்டால என்றால் எக்கட்டால?

"அக்கட்டால ரெண்டு பேரு வர்றாங்ணா!" என்று ஒரு குரல் வருகிறது. கொங்குப் பேச்சில் அக்கட்டால என்றால் அந்தப் பக்கம். ஆன்லைனில் சேர்ந்து ஆடும் டீமில் மீதி நான்கு பேரும் நான்கு திசையில் திரும்புகிறார்கள். சொன்ன தம்பி பொய் சொல்லவில்லை, பதறவும் இல்லை. அவன் நிற்கும் இடத்திலிருந்து, அவன் முகம் பார்த்திருக்கும் பக்கத்திலிருந்து பார்த்தால் அது அக்கட்டாலதான். ஆனால் அந்தச் சொல் வீட்டு வாசலில் நின்று கையை நீட்டிச் சொல்வதற்காகப் பிறந்தது. மைக்கில் நீட்டிய கை தெரியாது. கவுண்டர் ஸ்ட்ரைக் மாதிரி சுடும் ஆட்டங்களில் பைண்ட் போடுவது (ஒரு விசையைத் தட்டினால் ஒரு கட்டளையோ சாட் வரியோ ஓடும்படி வைப்பது) பற்றி எங்கே பேச்சு எழுந்தாலும் எந்த விசை, எந்த கமாண்ட் என்றே போகிறது. சிக்கல் விசையில் இல்லை, அதில் ஏற்றும் சொல்லில் இருக்கிறது என்பது வெகுநாளாக உறுத்திக்கொண்டிருக்கும் ஒரு எண்ணம். விசை, ஃபைல் விவகாரங்களையும் விடாமல் சொல்கிறேன். அதிலும் பாதிப்பேர் சறுக்குகிறார்கள்.

மைக் இருக்கும்போது பைண்ட் எதற்கு என்று கேட்பவர்கள் சோமனூர், பல்லடம், மங்கலம் பக்கம் ஒரு ராத்திரி உட்கார்ந்து ஆடிப் பார்க்கலாம். சுவருக்கு அந்தப்புறம் தறிக்குடோன். பன்னிரண்டு தறி ஓடினால் பேசுகிறவனுக்கே தன் பேச்சு கேட்காது. டிஸ்கார்ட் என்ற பேச்சுச் செயலியில் குரல் கேட்டால் தானாகத் திறந்துகொள்ளும் முறையை வைத்திருந்தால், தறிச் சத்தமே மைக்கைத் திறந்து பிடித்துக்கொள்கிறது. அளவுகோலை மேலே ஏற்றினால் மெதுவாகப் பேசுகிற பையனின் குரலும் வெளியே நின்றுவிடுகிறது. இரைச்சல் குறைக்கும் வசதி ஃபேன் சத்தத்தை நன்றாக விழுங்கும், ஏனென்றால் அது ஒரே சீராக ஓடும் இரைச்சல். தறி அப்படியல்ல. ஒவ்வொரு நாடா அடிக்கும் ஒரு தனி வெட்டு. அதை அமுக்கப் போய் சில நேரம் சொல்லின் முதல் எழுத்தையும் சேர்த்தே அமுக்கிவிடுகிறது. விசைத்தறி ஓடும் வீட்டில் விசைப்பலகையால்தான் பேச வேண்டியிருக்கிறது.

இன்னொரு காரணத்தை யாரும் வெளியே சொல்வதில்லை. நம் பக்கத்தில் வயதில் மூத்தவர் இருக்கும் டீமில், சின்னப் பையன் "பி, மூணு" என்று மொட்டையாகச் சொல்ல மாட்டான். "அண்ணா, பி-யில மூணு பேரு வந்துட்டாங்கங்ணா" என்பான். அதற்குள் அவன் செத்திருப்பான். மரியாதையைக் குறை சொல்லவில்லை, அதை விடச் சொல்வதும் நியாயமில்லை. எழுத்தில் ஓடும் வரிக்கு மட்டும் அந்தச் செலவு கிடையாது. மூன்று சொல்லில் முடித்தாலும் யாரும் அவனைத் திமிர் பிடித்தவன் என்று நினைப்பதில்லை.

பதினான்கு விசை வைத்திருந்த டீம்

கோயமுத்தூர், அவிநாசி, பல்லடம் என்று சிதறிக் கிடந்து கவுண்டர் ஸ்ட்ரைக் 2 ஆடும் ஐந்து பேர் கொண்ட டீம் ஒன்றின் அமைப்பை எடுத்துக்கொள்வோம். பெரும்பாலான டீம்கள் இப்படித்தான் தொடங்குகின்றன. மேப்பில், அதாவது ஆட்டக் களத்தில், இடம் ஏழு: லாங், ஷார்ட், மிட், டனல், பி கதவு, ஏ சைட், பி சைட் (ஏ, பி இரண்டும் பாம் வைக்கும் இடங்கள்). ஒவ்வொன்றுக்கும் இரண்டு விசை. "லாங்கில் ஆள்" என்று ஒன்று, "லாங் காலி" என்று இன்னொன்று. ஆகப் பதினான்கு. எஃப் வரிசை முழுக்கவும், பத்தாததற்கு வலதுகைப் பக்கத்து எண் பலகையிலும் போட்டுவைத்திருந்தார்கள். எண் பலகையை எட்ட மவுஸிலிருந்து கையை எடுக்க வேண்டும். எதிரியைப் பார்த்த கணத்தில் மவுஸை விட்டுவிட்டு எண் பலகைக்குப் போகிறவனுக்கு அடுத்து நடப்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் அந்த அமைப்பை உடைத்தது எட்டாத விசை அல்ல, ஒரே ஒரு ரவுண்டு. டஸ்ட் 2 என்ற மேப், இவர்கள் பாம் வைக்க விடாமல் காக்கும் பக்கம். பி-யில் இருவர். அதில் ஒருவன் டனல் வாயில் எட்டிப் பார்த்தான். யாரும் இல்லை, காலடிச் சத்தமும் இல்லை. "டனல் காலி" விசையை அழுத்தினான். அதை வாசித்துவிட்டு அவனும் கூட இருந்தவனும் ஏ பக்கம் நகர்ந்தார்கள், அங்கே ஏற்கெனவே சண்டை. ஏழெட்டு விநாடி போனது. டனலிலிருந்து நான்கு பேர் இறங்கினார்கள். பாம் வைக்கும் பீப் சத்தம் கேட்கும்போது "டனல் காலி" என்ற வரி திரையின் ஓரத்தில் இன்னும் முழுசாக மங்கவில்லை.

பாம் வைத்தால் வெடிக்க 40 விநாடி. கிட் (பாமைச் செயலிழக்க வைக்கும் கருவி) இல்லாமல் அதை எடுக்க 10 விநாடி, கிட் இருந்தால் 5. ஏ-வில் ஐந்து பேரும் குவிந்திருக்க, அங்கிருந்து ஓடிவந்து, நான்கு பேரைச் சாய்த்து, உட்கார்ந்து எடுக்க வேண்டும். முடியவில்லை. அதன் பிறகு இரண்டு நாள் வாட்ஸ்அப்பில் பஞ்சாயத்து. விசையை அழுத்தியவனைத்தான் எல்லோரும் பிடித்துக்கொண்டார்கள். அவன் திருப்பித் திருப்பிச் சொன்னது ஒன்றுதான்: "நாம் பாக்கறப்ப ஆளே இல்லீங்ணா."

அவன் சொன்னது சரி. தப்பு அந்த வரியில்தான் இருந்தது. தமிழில் "இல்லை" என்ற சொல்லுக்குக் காலம் கிடையாது. "அங்கே யாரும் இல்லை" என்பதைப் பார்த்தபோது இல்லை என்றும் வாசிக்கலாம், இப்போது இல்லை என்றும் வாசிக்கலாம், கொஞ்ச நேரத்துக்கு வரமாட்டார்கள் என்றும் மனசு வாசித்துக்கொள்ளும். வாயால் சொல்லும்போது குரலில் ஒரு தயக்கம் வரும், "இப்போதிக்கு இல்ல" என்று ஒரு சொல் ஒட்டிக்கொள்ளும். விசையில் உறைந்த வரிக்கு அந்தத் தயக்கம் தெரியாது. எந்த நேரத்தில் அழுத்தினாலும் அதே உறுதியோடு பேசும். "காலி" என்பது இன்னும் மோசம், கதவை அடைத்துப் பூட்டுப் போட்ட மாதிரியான சொல்.

ஆள் இருக்கிறான் என்ற சேதி பழசானாலும் கொஞ்சம் பயன் தரும். பத்து விநாடிக்கு முன் லாங்கில் இருந்தவன் இப்போது எங்கெங்கே இருக்க முடியும் என்று கணக்குப் போடலாம். ஆள் இல்லை என்ற சேதி இரண்டு மூன்று விநாடியில் செத்துவிடுகிறது. செத்தும் வரி மட்டும் திரையில் நிற்கிறது. அதனால் "காலி" பைண்ட் ஏழையும் ஒரே மூச்சில் தூக்கிவிட வேண்டும் என்பது என் கட்சி. அந்த டீமும் கடைசியில் அங்கேதான் வந்து சேர்ந்தது. இல்லை என்பதை வாயால் மட்டும் சொல்வது. வாய் இல்லையென்றால் சொல்லாமல் இருப்பது.

இடத்தின் பெயரை எஞ்சினே சொல்கிறது

மீதி ஏழும் தேவையில்லை. இது பலருக்குத் தெரியாமலே போகிறது, தினம் கண்ணில் படுகிற விஷயம்தான் என்றாலும். டீமுக்கு மட்டும் போகும் சாட்டில் எதை அனுப்பினாலும், அனுப்பியவர் பெயருக்குப் பக்கத்தில் அவர் நிற்கும் இடத்தின் பெயரை ஆட்டமே ஒட்டித் தருகிறது. பெயர், பிறகு அட் குறி, பிறகு இடம், அப்புறம்தான் நீங்கள் எழுதியது. ஆக "லாங்கில் ஆள்", "டனலில் ஆள்" என்று இடத்துக்கு ஒன்றாக ஏழு வைப்பதற்குப் பதில் "இங்கே ஆள்" என்று ஒன்று போதும். லாங்கில் நின்று அழுத்தினால் லாங், டனலில் நின்று அழுத்தினால் டனல். மேப் மாறினாலும் அதே விசை. மிராஜுக்குத் தனி ஃபைல், இன்ஃபெர்னோவுக்குத் தனி ஃபைல் என்ற தொல்லை தீர்ந்தது.

இதில் இரண்டு ஓட்டை உண்டு. முதலாவது, அது உங்கள் இடம், எதிரியின் இடம் அல்ல. மிட் கதவு வழியாகத் தொலைவில் ஒருவனைப் பார்த்துவிட்டு அழுத்தினால் உங்கள் இடம்தான் போகும். அந்த மாதிரி நேரத்துக்கு பிங் இருக்கிறது, மவுஸ் உருளையை அழுத்தினால் குறி வைத்த இடத்திலேயே ஒரு புள்ளி விழும். இரண்டாவது, செத்த பிறகு அழுத்தினால் இடம் வராது. செத்தவனுக்கு ஏது இடம்? அடிபடத் தொடங்கியதுமே அழுத்திவிட வேண்டும், சுடுவதற்கு முன்னால் என்றால் இன்னும் நல்லது. பழைய கவுண்டர் ஸ்ட்ரைக் 1.6 இன்னும் ஓடும் பிரவுசிங் சென்டர்களில் இது வேறு மாதிரி கடிக்கும். அங்கே சர்வரில் எதுவும் மாற்றாமல் இருந்தால் செத்தவர்கள் எழுதுவது செத்தவர்களுக்கு மட்டுமே தெரியும். உயிரோடு இருக்கும் ஒருத்தனுக்கு நான்கு பேர் வழி சொல்லிக்கொண்டிருப்பார்கள், அவன் திரையில் ஒரு எழுத்தும் விழாது.

அந்த டீம் கடைசியில் வைத்துக்கொண்ட வரிகள் ஐந்து. "இங்கே 1". "இங்கே கூட்டம்". "பாம் இங்கே". "இந்த இடத்தை விட்டுட்டேன்". "நில்லுங்க, வராதீங்க". இரண்டுக்கும் மூன்றுக்கும் தனி வரி இல்லை. காரணம் இருக்கிறது. ஒருத்தன் வந்தால் யாரும் இடம் மாற வேண்டாம். கூட்டம் வந்தால் மாற வேண்டும். இரண்டு பேர் என்றால் மாறுவதா வேண்டாமா என்று வாசிக்கிறவன் யோசிப்பான், யோசிக்க வைக்கிற வரியை விசையில் ஏற்றுவதில் பலன் இல்லை. ஐந்தில் சத்தம் போடாமல் வேலை செய்வது நான்காவது. "டனல் காலி" என்று எதிரியைப் பற்றி ஊகம் சொல்வதற்குப் பதில், "நான் இந்த இடத்தை விட்டுவிட்டேன்" என்று தன்னைப் பற்றிச் சொல்வது. அதில் பொய் கலக்கவே வழியில்லை. அன்றைக்கு அந்தப் பையன் இதை அழுத்தியிருந்தால் பி-யில் ஒரு ஆளாவது திரும்பி நின்றிருப்பான்.

எழுதும்போது எண்ணை எண்ணாகவே போடுங்கள். தமிழை ஆங்கில எழுத்தில் அடிக்கிறவர்கள் ஒண்ணு, ரெண்டு என்பதை ஆளுக்கொரு விதமாக அடிப்பார்கள். வாசிக்கிறவன் கண் ஒரு நொடி தடுக்கும்.

வடக்கால, தெக்கால

அக்கட்டாலவுக்கு வருவோம். இடது, வலது என்ற சொற்களுக்கும் அதே நோய்தான், சொல்கிறவன் பார்த்திருக்கும் திசையைத் தெரிந்தால்தான் அவற்றுக்குப் பொருள். இதற்கு மருந்து நம் வீட்டிலேயே இருக்கிறது. கொங்கு நாட்டுத் தோட்டத்து வீடுகளில் இன்றைக்கும் "வாளியை வடக்கால நவுத்தி வெய்யி" என்பார்கள். அடுப்படிக்குள் நின்றுகொண்டு "அந்தத் தெக்கால டப்பாவ எடு" என்று சொல்லும் ஆத்தாக்கள் உண்டு. பாலக்காட்டுக் கணவாய்க் காத்து எந்தப் பக்கம் இருந்து வரும் என்று தெரிந்து வளர்ந்தவர்களுக்கு மேக்கால எது என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஆட்டத்துக்குள் இதைக் கொண்டுவர ஒரே ஒரு மாற்றம் போதும். திரை மூலையில் தெரியும் சின்ன மேப்தான் ரேடார். அது தொடக்கத்தில் நீங்கள் திரும்பும்போதெல்லாம் கூடவே சுழலும். செட்டிங்ஸில் கேம் பகுதியில் ரேடார் தலைப்புக்குக் கீழே போய் அந்தச் சுழற்சியை வேண்டாம் என்று வையுங்கள். ஆட்டக்காரரை எப்போதும் நடுவில் வைக்கும் தேர்வையும் எடுத்துவிடுங்கள். ஜூம் அளவை 0.3 அல்லது 0.35 பக்கம் இறக்கினால் மேப் பெரும்பாலும் முழுசாக அந்த வட்டத்துக்குள் வந்துவிடும். இப்போது ஐந்து பேர் திரையிலும் ஒரே படம், மேலே இருப்பது எல்லோருக்கும் வடக்கு. டஸ்ட் 2-வில் பி மேல் இடது மூலை, அதாவது வடமேற்கு. ஏ வடகிழக்கு. தாக்குகிறவர்கள் தெற்கிலிருந்து ஏறி வருகிறார்கள். "பெட்டிக்கு மேக்கால ஒருத்தன்" என்றால் நீங்கள் எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டு இருந்தாலும் அது ஒரே இடம்தான்.

வலோரன்ட் என்ற சுடும் ஆட்டத்திலும் மினிமேப்பைச் சுழலாமல் நிறுத்தலாம். ஆனால் அங்கே இன்னொரு தேர்வு உண்டு: பக்கம் மாறும்போது படத்தைத் தலைகீழாக்குவதா, எப்போதும் ஒரே மாதிரி வைப்பதா என்று. எப்போதும் ஒரே மாதிரி என்று வைக்காவிட்டால் பாதி ஆட்டத்தில் உங்கள் வடக்கு தெற்காகிவிடும். பிஜிஎம்ஐ என்ற மொபைல் ஆட்டம் ஆடுகிறவர்களுக்கு இந்தப் பாடம் தேவையே இல்லை. திரையின் மேலே திசைகாட்டி ஓடுகிறது, ஸ்கூல் பையன்கள்கூட டிகிரியில்தான் பேசுகிறார்கள்.

ஃபைல்

கவுண்டர் ஸ்ட்ரைக் 2-வில் செய்யும் முறை இது. ஆட்டத்தை இறக்கித் திறக்கும் ஸ்டீம் மென்பொருளின் லைப்ரரியில் ஆட்டத்தின் பெயர்மேல் வலது கிளிக், மேனேஜ், பிரவுஸ் லோக்கல் ஃபைல்ஸ். திறக்கும் ஃபோல்டரில் கேம், அதற்குள் சிஎஸ்கோ, அதற்குள் சிஎஃப்ஜி. அங்கே ஆட்டோஎக்செக் என்ற பெயரில், சிஎஃப்ஜி என்ற பின்னொட்டோடு ஒரு ஃபைல் வேண்டும். நோட்பேடில் எழுதிச் சேமிக்கும்போது கீழே வகை என்ற இடத்தில் ஆல் ஃபைல்ஸ் என்று மாற்றாவிட்டால் கடைசியில் டிஎக்ஸ்டி ஒட்டிக்கொள்ளும். விண்டோஸ் அந்த வாலை மறைத்துக் காட்டுவதால் பெயர் சரியாக இருப்பது போலவே தெரியும், ஆட்டம் மட்டும் அதைக் கண்டுகொள்ளாது. "பைண்ட் வேலை செய்யல" என்று வருகிறவர்களில் நிறையப் பேருக்கு நோய் இந்த வால்தான். பிறகு ஸ்டீமில் ஆட்டத்தின் பிராப்பர்ட்டீஸில் லாஞ்ச் ஆப்ஷன்ஸ் பெட்டியில் கூட்டல் குறி, எக்செக், ஒரு இடைவெளி, ஃபைல் பெயர்.

ஒரு வரியின் அமைப்பு: பைண்ட், இடைவெளி, மேற்கோளுக்குள் விசை, இடைவெளி, மேற்கோளுக்குள் கட்டளை. பைண்ட் "சி" "சே_டீம் இங்கே கூட்டம்". நான் தமிழில் எழுதியிருக்கும் கட்டளைப் பெயரெல்லாம் ஃபைலில் ஆங்கிலச் சின்ன எழுத்து. சே என்பதற்குப் பிறகு அடிக்கோடு, டீம். இந்த அடிக்கோட்டுப் பகுதியை மறந்து வெறும் சே என்று போட்டால் வரி எதிரிகளுக்கும் சேர்த்துப் போகும். "இங்கே 1" என்று எதிரிக்கே சொல்லிவிட்டு, அவர்கள் சிரிப்புக் குறி அனுப்பிய பிறகுதான் பலருக்கு விஷயம் புரிகிறது.

மேற்கோள் குறி நேராக நிற்கும் குறியாக இருக்க வேண்டும். வரிகளை வாட்ஸ்அப்பில் அனுப்பி வாங்கும்போதோ, வேர்டில் ஒட்டி எடுக்கும்போதோ அது வளைந்த குறியாக மாறிவிடலாம். பார்வைக்கு அழகு, ஆட்டத்துக்கு அது மேற்கோளே அல்ல. எடுத்து ஒட்டியதும் மேற்கோள்களை மட்டும் அழித்துக் கையால் ஒருமுறை அடித்துவிடுங்கள். சேதிக்குள் அரைப்புள்ளி வரக் கூடாது, அதைக் கண்டால் அடுத்த கட்டளை தொடங்குகிறது என்று எஞ்சின் எடுத்துக்கொள்ளும். சேதிக்குள் இன்னொரு மேற்கோளும் ஆகாது.

ஒரு விசையில் ஏற்றும் முன் அதில் ஏற்கெனவே என்ன இருக்கிறது என்று பாருங்கள். செட்டிங்ஸில் டெவலப்பர் கன்சோலை (கட்டளை அடிக்கும் பெட்டி) அனுமதித்துவிட்டு, எஸ்கேப்புக்குக் கீழே உள்ள விசையால் கன்சோலைத் திறந்து, பைண்ட் என்று அடித்து விசைப் பெயரை மட்டும் கொடுத்தால் அதில் இருப்பதைச் சொல்லும். எஃப்12 ஸ்டீமுக்கு ஸ்கிரீன்ஷாட். எஃப்1, எஃப்2 ஓட்டெடுப்பு வரும்போது ஆம், இல்லை. "இங்கே 1" என்று சொல்லப் போய் சரணடைவதற்கு ஓட்டுப் போட்ட கதை நடக்கக்கூடியது. 1.6 ஆடுகிறவர்கள் எஃப்10 பக்கமே போக வேண்டாம், அது ஆட்டத்தைவிட்டு வெளியேறும் விசை.

ஃபைலின் கடைசி வரியாக எக்கோ என்று போட்டு "அஞ்சும் ஏறிடுச்சு" என்று எழுதிவையுங்கள். ஆட்டம் திறந்ததும் கன்சோலில் அந்த வரி தெரிந்தால் ஃபைல் கடைசிவரை ஓடியது என்று பொருள். பிரவுசிங் சென்டரில் ஆடுகிறவர்களுக்கு இது கட்டாயம். அங்கே மெஷினை அணைத்துப் போட்டால் பழைய நிலைக்கே திரும்பும்படி வைத்திருப்பார்கள், போன வாரம் போட்ட ஃபைல் இந்த வாரம் இருக்காது. பென்டிரைவில் ஒன்று, மெயிலில் ஒன்று.

ஒரே விசையில் அடுக்கடுக்காகப் பல வரிகளை அலையஸ் (கட்டளைகளுக்கு நாமே வைக்கும் பெயர்) போட்டுச் சுற்றவிடும் வித்தையும் இருக்கிறது. அழுத்த அழுத்த அடுத்த வரி வரும். செய்து பார்க்க ஜோராக இருக்கும். ஆனால் இப்போது எந்த வரியில் நிற்கிறது என்று நினைவு வைத்துக்கொள்ள ஒரு தனி மூளை வேண்டும். நகர்வையும் சுடுவதையும் ஒரே விசையில் கட்டும் பைண்ட்களை ஆட்டத்தைத் தயாரிக்கும் வால்வ் 2024 ஆகஸ்டில் அதிகாரபூர்வ சர்வர்களில் தடுத்துவிட்டது. வெறும் சாட் வரிக்கு அந்தத் தடை பொருந்தாது.

விரல்

இடதுகையின் நான்கு விரலில் மூன்று எப்போதும் நகர்வில் இருக்கின்றன. சுட்டுவிரலை டி-யிலிருந்து எடுத்து டி-க்கு அடுத்த எஃப், ஜி பக்கம் கொண்டுபோனால் வலப்பக்க நகர்வு அந்தக் கணம் நின்றுபோகும். சண்டைக்கு நடுவில் அழுத்த வேண்டிய வரிக்கு அது ஆகாது. சும்மா இருப்பது கட்டைவிரல். ஸ்பேஸிலிருந்து ஒரு நகர்வில் அது சி, வி, இடது ஆல்ட் மூன்றையும் தொடும். அதனால் "இங்கே கூட்டம்" கட்டைவிரலுக்கு. "இந்த இடத்தை விட்டுட்டேன்", "நில்லுங்க" இரண்டும் அவசரமில்லாத நேரத்து வரிகள், அவை எஃப் வரிசைக்குப் போகலாம்.

ஆல்ட்டைத் தேர்ந்தெடுப்பவர்கள், அதுவும் தமிழ்99 என்ற தமிழ்த் தட்டச்சு முறையை மெஷினில் வைத்திருப்பவர்கள், ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஷிஃப்ட் என்றால் சத்தமில்லாமல் நடப்பது. நடந்துகொண்டே ஆல்ட்டை அழுத்தினால் ஆல்ட்டும் ஷிஃப்ட்டும் சேர்ந்துவிடும், அது விண்டோஸில் மொழி மாற்றும் சேர்க்கை. ஆட்டம் ஓடும், நடை ஓடும், ஒன்றும் தெரியாது. அடுத்த ரவுண்டில் சாட்டிலோ கன்சோலிலோ அடிக்கும்போதுதான் ஆங்கிலத்துக்குப் பதில் தமிழ் எழுத்தாக விழும். விண்டோஸ் செட்டிங்ஸில் டைப்பிங், அட்வான்ஸ்டு கீபோர்டு செட்டிங்ஸ், இன்புட் லாங்குவேஜ் ஹாட் கீஸ் என்று போய் அந்தச் சேர்க்கையை நீக்கிவிடுங்கள். மொழி மாற்ற விண்டோஸ் விசையும் ஸ்பேஸும் இருக்கவே இருக்கிறது. அதே கையோடு ஷிஃப்ட்டை ஐந்து முறை தட்டினால் எழும்பும் ஸ்டிக்கி கீஸையும் அணைத்துவிடலாம்.

விலை குறைந்த கீபோர்டில் இன்னொரு வம்பு. உள்ளே விசைகள் ஒவ்வொன்றுக்கும் தனிக் கம்பி கிடையாது. பாவும் ஊடையும் போல குறுக்கும் நெடுக்குமாகக் கோடுகள், அவை வெட்டும் இடத்தில் ஒரு விசை. ஒரு செவ்வகத்தின் மூன்று மூலைகளை ஒரே நேரத்தில் அழுத்தினால் நான்காவது மூலையும் அழுந்தியதாகவே சர்க்யூட்டுக்குத் தெரியும். அந்தப் பொய் விசையைத் தவிர்க்க, மூன்றாவதாக வரும் விசையையே அது தள்ளிவிடுகிறது. விலை கூடிய கீபோர்டுகளில் ஒவ்வொரு விசைக்கும் ஒரு டையோடு வைத்து இதைத் தீர்த்திருப்பார்கள். எந்த மூன்று ஒத்துவராது என்பது மாடலுக்கு மாடல் மாறும், ஆகையால் சோதிக்காமல் முடிவு பண்ண வேண்டாம். நோட்பேடைத் திறந்து டபிள்யூ, டி இரண்டையும் அழுத்திப் பிடித்துக்கொண்டு, நீங்கள் நினைத்திருக்கும் விசையைத் தட்டுங்கள். பிறகு டபிள்யூ, ஏ. பிறகு ஷிஃப்ட்டையும் சேர்த்து. எழுத்து விழுந்தால் சரி. விழாவிட்டால் அந்த விசை ஓடும்போது பேசாது, நின்றால்தான் பேசும்.

வாலை வெட்டாதீர்கள்

தறி நிற்கும் நேரத்தில் மைக் உண்டு, அதற்கும் விசை வேண்டும். அதை மவுஸின் பக்கவாட்டுப் பொத்தானில் வைப்பதே நல்லது, மேலே சொன்ன கம்பிச் சண்டை எதுவும் அங்கே கிடையாது. அழுத்திப் பேசும் முறையில் டிஸ்கார்டில் ஒரு சின்ன அளவு இருக்கிறது, விசையை விட்ட பிறகு எவ்வளவு நேரம் மைக் திறந்திருக்கும் என்பது. வரும்போது 20 மில்லிவிநாடி. தமிழ் பேசுகிறவர்களுக்கு அது பத்தாது என்பது என் கணிப்பு. நம் வாக்கியத்தில் உயிர் கடைசியில் இருக்கிறது. "லாங்ல யாரும் இல்ல" என்பதில் விரல் கொஞ்சம் முந்திவிட்டால் "லாங்ல யாரும்" மட்டும் போகும், கேட்டவன் லாங்கில் யாரோ இருப்பதாகத் திரும்புவான். "வரட்டுமா", "வராத" இரண்டும் வால் அறுந்தால் ஒன்றுதான். 250 மில்லிவிநாடிக்கு ஏற்றுங்கள். வாக்கியத்தின் தலையும் முக்கியம்: அழுத்தி, ஒரு மூச்சு விட்டு, பிறகு பேச வேண்டும். இடத்தின் பெயர் முதல் சொல்லாக வருவதால் அதுதான் முதலில் பலியாகிறது. பி, டி (தாக்குகிற பக்கம்), சிடி (காக்கிற பக்கம்) மூன்றும் இரைச்சலில் ஒரே "ஈ"யாகக் கேட்கும், ஆகவே பி என்பதைவிட டனல் என்று சொல்வதே மேல்.

ஆட்டத்தை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்திருந்தால் டிஸ்கார்டையும் அப்படியே திறக்க வேண்டும். இல்லாவிட்டால் ஆட்டம் முன்னால் இருக்கும்போது பேச்சு விசை டிஸ்கார்டுக்குப் போய்ச் சேராது. பிரவுசரில் டிஸ்கார்டைத் திறந்து வைத்திருப்பவர்களுக்கும் இதே கதி. ஆட்டத்தின் சொந்த வாய்ஸுக்கும் டிஸ்கார்டுக்கும் ஒரே விசையைக் கொடுத்தால் கேட்கிறவனுக்கு ஒவ்வொரு சொல்லும் இரண்டு முறை விழும்.

வலோரன்ட்டில் சொந்த வரி எழுதி ஏற்ற வழி இல்லை, இருக்கும் விசைகளை இடம் மாற்றுவதோடு சரி. டீம் வாய்ஸ் வி, பார்ட்டி வாய்ஸ் யு, பிங் இசட், ரேடியோ மெனு முற்றுப்புள்ளி. முற்றுப்புள்ளி இடதுகைக்கு எட்டாது, அதைக் கேப்ஸ் லாக்குக்கு மாற்றுங்கள். வெளி மென்பொருளை வைத்து வரிகளை அடிக்கவைக்கும் யோசனை வேண்டாம், ஏமாற்றுவதைப் பிடிக்கும் அதன் மென்பொருள் வேன்கார்டு பார்த்துக்கொண்டிருக்கிறது.

அந்த டீமின் ஃபைலில் பிறகு ஆறாவதாக ஒரு வரி சேர்ந்தது. ரவுண்டு தொடங்கும் முன் எல்லோரையும் நிற்கவைக்கும் சில விநாடியில் பல்லடத்துப் பையன் மட்டும் அழுத்துவது, எஃப்7-இல். "தறி ஓடுது". அதைப் பார்த்ததும் மீதி நான்கு பேரும் அவனிடம் எதையும் கேட்காமல், அவன் பெயருக்குப் பக்கத்தில் விழும் இடத்தை மட்டும் பார்த்துக்கொள்வார்கள்.